வெப்பமண்டலக் காடுகளின் பாதுகாப்பு: முதுநிலைப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

நாங்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலோர மாவட்டம் ஒன்றிலுள்ள கல்லூரியில் முதுநிலைத் தாவரவியல் மாணவர்களுக்கு ‘வெப்பமண்டலக் காடுகளின் பாதுகாப்பு’ என்னும் விருப்பப் பாடத்தை மூன்றாவது ஆண்டாக நடத்துகிறேன். எனக்கு முன்னிருந்தவரிடமிருந்து வந்த பாடத்திட்டம் வழக்கமான ஐந்து அலகுகளைக் கொண்டது: உலகில் காடுகளின் பரவல், காட்டு வகைகள், அழிவுக்கான காரணங்கள், காப்பு முறைகள், சட்டங்கள். பிரேசிலின் அமேசான் பகுதியில் 2004ஆம் ஆண்டில் ஏறத்தாழ 27,800 சதுர கிலோமீட்டராக இருந்த காடழிப்பு 2012இல் 4,600க்கும் கீழே இறங்கியதைப் பற்றி என் மாணவர்கள் பத்து மதிப்பெண் விடையைத் தடையின்றி எழுதுகிறார்கள். சென்ற பருவத்தின் முதல் வகுப்பில், உங்கள் வீட்டுக்கு மிக அருகிலுள்ள வெப்பமண்டலக் காடு எது என்று கேட்டுத் துண்டுத்தாளில் எழுதித் தரச் சொன்னேன். பெரும்பாலோர் அமைதிப் பள்ளத்தாக்கு என்றும், சிலர் முதுமலை என்றும் எழுதினர். கல்லூரியிலிருந்து நகரப் பேருந்தில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஐயனார் கோயில் காட்டை, சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் எஞ்சிய துண்டை, ஒருவரும் எழுதவில்லை. ஆண்டுதோறும் அங்கே பொங்கல் வைக்கும் குடும்பத்து மாணவியும் எழுதவில்லை. காரணம் கேட்டதற்கு, “அது கோயில்தானே, ஐயா” என்றாள்.

சாம்பியனும் சேத்தும் 1968இல் வெளியிட்ட காட்டு வகைப்பாட்டில் அந்தக் காட்டுக்குத் தனி இடமே உண்டு. மாணவர்கள் அந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் பட்டியலுக்கும் கோயிலுக்கும் இடையில் அவர்கள் மனத்தில் பாதை இல்லை. எனவே ஐந்து அலகுகளையும் கலைத்துவிட்டு, கோயில் காடு, முதுமலையின் இலையுதிர் காடு, வால்பாறையின் மழைக்காட்டுத் துண்டுகள் என்னும் மூன்று இடங்களைச் சுற்றிப் பாடத்தைக் கட்டலாமா என்று எண்ணுகிறேன். இதனால் என்ன இழப்பு நேரும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

அளவுநாடா எழுதியது:

நாங்கு ஐயாவின் எண்ணம் சரி என்றே படுகிறது. ஆனால் மூன்று இடங்களுக்கும் முன்னால், காடு என்று எதைச் சொல்கிறோம் என்னும் கேள்விக்கு ஒரு வாரம் முழுவதையும் கொடுங்கள். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரங்களின் மேற்கிளைகள் பத்து விழுக்காட்டுக்கு மேல் நிழல் பரப்பினால், அந்நிலம் யாருக்குச் சொந்தமானாலும், நின்றிருப்பவை எந்த மரங்களானாலும், அது காட்டுப் போர்வைக் கணக்கில் சேரும். தோப்பும் சேரும், தைலமரத் தோட்டமும் சேரும். இதன் விளைவைத் தமிழ்நாட்டின் எண்களிலேயே காட்டலாம்: 2019ஆம் ஆண்டு அறிக்கையில் அரசு ஆவணங்களின்படி வனமாகப் பதிவான நிலம் 22,877 சதுர கிலோமீட்டர், செயற்கைக்கோள் கண்ட காட்டுப் போர்வையோ 26,364 சதுர கிலோமீட்டர். வனத்தைவிடக் காடு பெரிதாக இருப்பது எப்படி என்று கேட்டுவிட்டு, நீங்கள் கரும்பலகைக்குத் திரும்பி நின்றுகொண்டால் போதும். மீதி வேலையை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நான் செய்யும் பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். வால்பாறை மேட்டுநிலத்தின் செயற்கைக்கோள் படத்தை அச்சிட்டு, காட்டைப் பச்சைப் பென்சிலால் வரையச் சொல்வேன். சில்வர் ஓக் நிழலில் வளரும் தேயிலை, பழைய காட்டு மரங்களின் அடியில் வளரும் காப்பி, ஏலக்காய்க்காக அடிச்செடிகள் வெட்டப்பட்ட சோலை, தேயிலை ஆலைகளின் விறகுக்காக நட்ட தைலமரம் ஆகியவை மேலிருந்து பார்க்கையில் ஏறக்குறைய ஒரே பச்சையாகத் தெரிவதால், எந்த இருவர் வரைந்த படமும் ஒத்துப்போனதில்லை. 30 மீட்டர் நுணுக்கத்தில் உலகம் முழுவதற்கும் 2013இல் வெளியான மரப்போர்வை வரைபடத்தை அதன்பின் திரையிடுவேன். அதுவும் தோட்டத்தையும் காட்டையும் தானாகப் பிரித்துக் காட்டாது என்று கண்ட பிறகுதான், தரையில் இறங்கி மரத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் எதற்குத் தேவை என்பது வகுப்புக்குப் புரிகிறது.

வழக்கேடு எழுதியது:

நான் தாவரவியல் படித்தவன் அல்லன். சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் கற்பிக்கிறேன். அளவுநாடா எழுப்பிய கேள்வியைத்தான் உச்ச நீதிமன்றமும் எதிர்கொண்டது என்பதால் இதை எழுதுகிறேன். நிலம்பூர் கோவிலகம் என்னும் அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, நம் நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதற்கு எதிராக 1995இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று வந்த ஆணை, காடு என்னும் சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்றது. அரசு ஆவணத்தில் காடு என்று பதிவான நிலமும், யாருடைய உடைமையானாலும், அதில் அடங்கும் என்றது. காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் முன் ஒப்புதலைக் கோரும் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கை நீண்டது இப்படித்தான். 2023இல் வந்த திருத்தம் அதைச் சுருக்கி, முறைப்படி அறிவிக்கப்பட்ட காடுகளுக்கும் 1980 அக்டோபர் 25க்குப் பின் அரசு ஆவணத்தில் காடாகப் பதிவான நிலங்களுக்கும் சட்டத்தை வரையறுத்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையாக, அகராதிப் பொருளையே தொடர்ந்து பின்பற்றச் சொன்னது. உங்கள் மாணவியின் “அது கோயில்தானே” என்னும் சொல் அறியாமை என்று தள்ளத்தக்கது அன்று. அந்த நிலம் வருவாய்த் துறைக் கணக்கில் எவ்வாறு பதிவாகியிருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். வனம் என்னும் சொல் அங்கே இல்லையென்றால், அதைக் காப்பது எந்தச் சட்டம் என்று தேடுவதே ஓர் அலகுக்குரிய வேலை.

நம் பாடத்திட்டங்களில் சட்டம் என்பது சட்டங்கள் வந்த ஆண்டுகளாக, 1972, 1980, 2006 என்று வாய்ப்பாடு போல் ஒப்பிக்கப்படுகிறது. அதை விட்டுவிட்டு, 1996ஆம் ஆண்டு ஆணையின் முதல் சில பக்கங்களையும், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் சமுதாயக் காட்டு வளத்தைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் உரிமை தரும் உட்பிரிவையும் வகுப்பில் உரக்கப் படிக்க வைத்தால் இரண்டு மணி நேரம் போதும். உரிமையைத் தீர்மானிக்கும் நடைமுறையைத் தொடங்கி வைப்பது கிராம சபை என்பதைப் பல அறிவியல் மாணவர்கள் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்பார்கள்.

தென்சாரல் எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். வால்பாறையோடு சேர்த்து எங்கள் சிங்கராஜா மழைக்காட்டையும் வைத்துப் பாருங்கள் என்று கேட்க விரும்புகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையும் எங்கள் தீவும் உலக அளவில் ஒரே பல்லுயிர்ச் செறிவிடமாகச் சேர்த்தே எண்ணப்படுகின்றன. ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக 1972 முதல் 1977 வரை அங்கே மரங்களைத் தெரிந்தெடுத்து வெட்டினார்கள்; எதிர்ப்பு வலுத்ததால் நிறுத்தினார்கள்; 1988இல் அது உலக மரபுரிமை இடமாயிற்று. வெட்டிய பகுதியும் வெட்டாத பகுதியும் அடுத்தடுத்து இருப்பதால், காடு தன்னைத்தானே எவ்வளவு தூரம் மீட்டுக்கொள்ளும் என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் எங்களுக்கு இல்லை.

ஆனால் மாணவர்களை அதிகம் சிந்திக்க வைப்பது காட்டின் விளிம்பில் வரிசை வரிசையாக நட்ட கரீபியன் பைன் மரங்கள்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்துக் குணதிலக்க தம்பதியரும் அவர்களோடு உழைத்தவர்களும் அந்தப் பைன் மரங்களைப் பகையாகக் கருதாமல், அவற்றின் நிழலில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். சில இடங்களில் பைன் வரிசைகளை அகற்றி ஒளியை உள்ளே விட்டும், சில இடங்களில் அப்படியே மூடியிருக்க விட்டும் ஒப்பிட்டார்கள். முழு நிழலில் தவித்த கன்றுகள் வரிசை நீக்கிய இடத்தில் நன்றாக எழும்பின. அந்நிய மரத்தை வெட்டுவதா, விடுவதா என்று நாங்கள் மேடையில் வாதாடிக்கொண்டிருந்த கேள்விக்கு, எத்தனை வரிசையை எப்போது வெட்டுவது என்று விடை தந்தது அந்தச் சோதனை. இது என் மாணவக் காலத்தில் கேட்ட பாடங்களில் இன்னும் நினைவில் நிற்கும் ஒன்று.

பனிப்புல் எழுதியது:

தென்சாரல் அம்மா சொன்னதோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும். பாடத்தின் பெயரில் ‘காடு’ என்று இருப்பதாலேயே, மரமில்லாத நிலமெல்லாம் கெட்டுப்போன நிலம் என்னும் எண்ணம் மாணவர் மனத்தில் உட்கார்ந்துவிடுகிறது. நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் மடிப்புகளில் மட்டும் சோலை என்னும் குட்டையான பசுமைமாறாக் காடும் மற்ற இடமெல்லாம் புல்லுமாக இருப்பது இயற்கையான அமைப்பு. நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணில் படிந்த கார்பன் ஐசோடோப்புகள் எனப்படும் ஓரகத் தனிமங்களைக் கொண்டு 1993இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளாகத் தட்பவெப்பத்துக்கேற்பப் புல்லும் மரமும் அங்கே முன்னும் பின்னும் நகர்ந்து வந்ததைக் காட்டியது. அப்படியிருந்தும் அந்தப் புல்வெளிகளை வெற்று நிலமாகக் கருதிச் சீகை (வாட்டில்) மரத்தையும் தைலமரத்தையும் பைனையும் நட்டோம். வரையாட்டுக்கு மேய்ச்சல் சுருங்கியது.

நான் தேர்வில் ஒரு புல்வெளியின் புகைப்படத்தைக் கொடுத்து, இங்கே எந்தெந்த மரங்களை நடுவீர்கள் என்று கேட்பதுண்டு. எதையும் நட மாட்டேன் என்பது சரியான விடை. ஆண்டுக்கு இருவர் மூவர்தான் எழுதுகிறார்கள். கேள்வி ஏமாற்றுகிறது என்று துறைத்தலைவரிடம் முறையிட்டவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பழனி மலையில் சிக்கல் இன்னும் கூடுதல்: சீகை, பைன் தோட்டங்களின் அடியில் இப்போது சோலைக் கன்றுகள் தாமாக முளைக்கின்றன. புல்வெளியை மீட்க மேலிருப்பதை வெட்டினால் கீழே வரும் சோலை போகும். விட்டுவைத்தால் புல் திரும்பாது. இதை இரண்டு அணிகளாகப் பிரித்து வாதாட வைத்தபோது, வகுப்பு முடிந்த பிறகும் அவர்கள் தேநீர்க் கடை வரை வாதாடிக்கொண்டே போனார்கள்.

மேட்டுவிளக்கு எழுதியது:

இங்கே எழுதும் ஆசிரியர்களோடு முரண்பட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் பாட்டனார் வால்பாறையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியாக இருந்தவர்; நான் தொழிலாளர்களுக்கான வரிசைக் குடியிருப்பாகிய லைன் வீட்டில் பிறந்து, பின்னாளில் வனவியல் படித்தேன். என் வகுப்பில் எங்கள் ஊர் ‘துண்டாடப்பட்ட வாழிடம்’ என்னும் தலைப்பில் ஒரே ஒரு படமாக வந்து போயிற்று. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் காட்டை அழித்து 1890களிலிருந்து காப்பியும் தேயிலையும் நட்ட கைகள், கங்காணிகள் சமவெளியிலிருந்து கூட்டி வந்தவர்களின் கைகள். அழிவுக்கான காரணங்கள் என்னும் அலகில் ‘தோட்டப்பயிர்’ என்று ஒரு சொல் இருக்கும். அதற்குள் நாங்கள் இருக்கிறோம்.

காப்பு என்பது எங்கள் ஊரில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஆனைமலையின் யானைகள் துண்டுக்காடுகளுக்கு இடையே தேயிலையின் வழியாகத்தான் நடக்கின்றன. மாலைப் பேருந்திலிருந்து இறங்கி இருட்டில் லைன் வீட்டுக்கு நடப்பவருக்கு எதிரே யானை நிற்பது தெரியாமல் உயிர்கள் போயின. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் யானைகளின் நடமாட்டத்தைத் தொடர்ந்து பதிவு செய்து, யானை எங்கே நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியாகவும், உள்ளூர்க் கேபிள் டி.வி.யின் அடியில் ஓடும் வரியாகவும், தொலைவிலிருந்தே பார்க்கக்கூடிய சிவப்பு விளக்காகவும் தெரிவிக்கும் ஏற்பாட்டை வனத்துறையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். அந்த விளக்கை ஏற்றுவது எங்கள் தெருக்காரர்களே. அதே அமைப்பினர் உண்ணிச்செடியை அகற்றி, நாங்கும் வெடிபலாவும் கருங்குங்கிலியமும் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட மரவகைகளை நாற்றங்காலில் வளர்த்துத் துண்டுக்காடுகளில் நடுகிறார்கள். புதுத்தோட்டத்தில் சாலையின் மேலே கட்டிய பாலத்தில் சோலைமந்திகள் கடந்து போவதை எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் பார்க்கிறார்கள்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தையும் பாடத்தில் வையுங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன நிலம் அது. இப்போது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. குத்தகை 2028இல் முடிகிறது. காட்டுக்குத் திரும்பும் நிலத்தை வரைபடத்தில் பச்சையாக நிரப்புவது எளிது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்து 2024இல் விருப்ப ஓய்வு கேட்கப்பட்டவர்கள் எங்கே போவார்கள் என்பது உங்கள் பத்து மதிப்பெண் விடையில் எந்தப் பத்தியில் வரும்?

நாங்கு எழுதியது:

மேட்டுவிளக்கு அவர்களுக்கு நன்றி. உங்கள் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை; அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். வால்பாறைக் களப்பயணத்தில் முதல் நாள் காட்டுக்குள் போவதாக இருந்ததை மாற்றி, தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கலாம் என்று தோன்றுகிறது.

என் நெருக்கடி வேறு வகையானது. எங்கள் பாடத்தில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண். 75 மதிப்பெண் பருவத்தேர்வுக்கு. வினாத்தாளை வேறொரு கல்லூரியைச் சேர்ந்தவர் ஐந்து அலகுகளைப் பார்த்தே அமைப்பார். கோயில் காட்டைப் பற்றி எவ்வளவு ஆழமாக நடத்தினாலும், ‘காடழிப்பின் விளைவுகளை விவரி’ என்றுதான் கேள்வி வரும்.

பாசோவிலிருந்து எழுதியது:

மலேசியாவில் வனத்துறைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். பக்கத்துக் காட்டை மட்டும் காட்டினால், அது எதில் தனித்தது என்று தெரியாமல் போகும் என்பதே என் அச்சம். ஒரே அளவில் ஒரே முறையில் அளந்த நிலங்களை ஒப்பிடுங்கள். நெகிரி செம்பிலானில் பாசோக் காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தில், மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள கன்று முதல் எல்லா மரங்களையும் 1980களில் எண்ணியபோது, 800க்கு மேற்பட்ட இனங்களும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட மரங்களும் இருந்தன. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் அதே 50 ஹெக்டேரில் 300 இனங்கள். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தினர் 1988 முதல் கணக்கெடுத்து வரும் 50 ஹெக்டேரில் ஏறத்தாழ 70 இனங்கள், 25,000 அளவில் மரங்கள். மழையும், நீண்ட வறட்சி மாதங்களும், தீயும், யானையும் இந்த மூன்று எண்களுக்குள் எப்படி ஒளிந்திருக்கின்றன என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்று. எங்கள் காடுகளின் பெருமரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்ல முடியாத இடைவெளியில், காடு முழுதும் ஒன்றாகப் பூத்துக் காய்க்கும். அந்த விதைகளும் சில நாள்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். காய்ப்புக்கு முன்னால் தாய்மரங்களை வெட்டினால் அடுத்த தலைமுறைக் கன்றுகளே இல்லை. வெட்டும் முறை நூல்களில் எத்தனை இருந்தாலும், அந்தப் பூக்காலத்தை அறியாதவர் போட்ட கணக்கு பொய்த்ததை நான் பணியில் பார்த்திருக்கிறேன்.

அளவுநாடா எழுதியது:

தேர்வைப் பற்றி: வினாத்தாள் அமைப்பவரை மாற்ற முடியாது, விடையை மாற்றலாம். காடழிப்பின் விளைவுகளுக்குத் தங்கள் கோயில் காட்டிலிருந்து எடுத்துக்காட்டுத் தரச் சொல்லிப் பழக்குங்கள். திருத்துபவர் அலுப்பிலிருந்து மீண்டு நன்றாகவே மதிப்பெண் இடுவார். பல ஆண்டுகள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணையும் ஒரே வேலைக்குக் கொடுங்கள். கோயில் காட்டில் சிறியதொரு நிலைத்த அளவைத்திடலை அமைத்து, ஒவ்வோர் ஆண்டு மாணவரும் அதே மரங்களை மீண்டும் அளக்கட்டும். பாசோவில் நடப்பதும் முதுமலையில் நடப்பதும் இதுவே. உங்களுக்கு ஐம்பது மரம் போதும். ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள். பூசாரியையும் அழைத்துச் செல்லுங்கள். மரப்பெயர்களில் பாதியை அவரே சொல்லிவிடுவார்.

நாங்கு எழுதியது:

இரண்டு பருவங்கள் கழித்து இந்த இழைக்குத் திரும்புகிறேன். திடலை அமைத்துவிட்டோம்; மதிலை ஒட்டி அது சரிகிறது. ஐயனாருடைய மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஊரார் சொன்னதால் எண் தகடு இல்லை. கோயில் மதிலின் மூலையிலிருந்து கயிறு பிடித்து ஒவ்வொரு மரத்தின் தூரத்தையும் திசையையும் குறித்து வரைபடமாக்கினோம். அதுவே எதிர்பாராத பயிற்சியாயிற்று. உலக்கைப்பாலை, வீரை, காயா, காட்டு எலுமிச்சை என்று ஐம்பத்து மூன்று மரங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்பதால் முள் குத்தியதைத் தவிர வேறு சேதமில்லை. நிலம் வருவாய்த் துறைக் கணக்கில் கோயில் புறம்போக்கு என்று இருப்பதை அந்த மாணவியே கண்டுபிடித்து வந்தாள். வழக்கேடு ஐயாவின் கேள்வி இப்போது அவளுடைய ஆய்வுத் தலைப்பு.

இப்போது ஒரு சிக்கல். மரம் 31ஐ முதல் ஆண்டு மாணவர்கள் வீரை என்றும் சுற்றளவு 84 சென்டிமீட்டர் என்றும் எழுதியிருக்கிறார்கள். இந்த ஆண்டு மாணவர்கள் அதையே காயா என்றும் 79 சென்டிமீட்டர் என்றும் எழுதியிருக்கிறார்கள். இரு அணிகளும் தங்கள் பதிவே சரி என்று நிற்கின்றன. வரும் ஞாயிறன்று இரு அணியினரையும் சேர்த்தே அழைத்துப் போகிறேன். படங்களை இங்கே இடுகிறேன். பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

அளவுநாடா எழுதியது:

பெயரைத் தீர்க்க ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். யாரேனும் கிளையைப் படமெடுத்திருப்பார்கள். இலைகள் எதிரெதிரே இணைந்திருந்தால் காயா. மாறி மாறி இருந்தால் வீரை. சுற்றளவைப் பொறுத்தவரை, மரம் வறட்சியில் சற்றே ஒடுங்கும் என்றாலும் ஐந்து சென்டிமீட்டர் ஒடுங்காது. வீரையின் அடிமரம் பள்ளமும் மேடுமாக இருக்கும்; நாடாவை ஒருவர் பள்ளத்துக்குள் அழுத்தியும் மற்றவர் மேட்டின்மேல் இழுத்தும் பிடித்திருக்கலாம். திடல் மதிலை ஒட்டிச் சரிகிறது என்று முன்பு எழுதியிருந்தீர்கள் அல்லவா? சுற்றளவு எடுக்கும் மார்பளவு உயரமான 1.3 மீட்டரைச் சரிவின் மேல்பக்கத்திலிருந்து அளந்தார்களா, கீழ்ப்பக்கத்திலிருந்து அளந்தார்களா என்று இரு அணிகளையும் தனித்தனியே கேட்டு எழுதுங்கள்.